செத்த பிறகு மூளை யாருக்கு? மூன்று வழிகளை எடைபோட்டுப் பார்த்தால்

இறந்த பிறகு தன் மூளை மண்ணாகவோ சாம்பலாகவோ போய்விடக் கூடாது என்று நினைப்பவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஆராய்ச்சிக்காக மூளை வங்கிக்குக் கொடுக்கலாம். என்றாவது ஒருநாள் எழுப்புவார்கள் என்று நம்பி திரவ நைட்ரஜனில் வைக்கச் சொல்லலாம்; இதற்குக் கிரையோனிக்ஸ் என்று பெயர். அல்லது, எழுந்து நடக்கும் ஆசையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் அமைப்பு குலையாமல் இருந்தால் போதும் என்று ரசாயனத்தால் இறுக்கி வைக்கச் சொல்லலாம். இந்த மூன்றில் எதையும் தொடாமல் விடுவது நாலாவது வழி. உலகத்தில் ஏறக்குறைய எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே காரியம் போலத் தெரியும். கிட்டே போனால்தான் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை என்பது புரியும். வங்கிக்குப் போன மூளையைத் துண்டு போட்டுப் பல ஆய்வகங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். நைட்ரஜன் தொட்டிக்குள் போனது எந்த ஆய்வாளரின் கைக்கும் வராது. இருப்பதோ ஒரே ஒரு மூளை. அதனால் ஒன்றை எடுத்தால் மற்றதைக் கைகழுவ வேண்டியதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு மூளை வங்கி. ஆனால் மற்ற இரண்டையும் கேலி செய்கிறவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி தவறு. அவற்றை விற்கிறவர்கள் சொல்லும் காரணங்களிலும் பாதி தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதல் சில மணி நேரம்

இதயம் நின்று அரை நிமிடத்துக்குள் மூளையின் மின் அலைகள் அடங்கிவிடுகின்றன. ஐந்தாறு நிமிடம் ரத்தம் போகாவிட்டால் மூளை மீளாது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் மீளாது என்பதும் அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. வீடு பூட்டிக் கிடப்பது வேறு, இடிந்து கிடப்பது வேறு.

2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாத் செஸ்தானின் குழு, இறைச்சிக்காக வெட்டப்பட்ட 32 பன்றிகளின் மூளைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. செத்து நாலு மணி நேரமான மூளைக்குள் ஒரு செயற்கைத் திரவத்தை ஆறு மணி நேரம் சுற்றவிட்டார்கள். ரத்தக்குழாய்கள் மருந்து பட்டதும் விரிந்தன. செல்கள் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டன. வெட்டியெடுத்துப் பார்த்த துண்டுகளில் தனித்தனி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், மின்தூண்டலுக்குப் பதில் கொடுத்தன. சுயநினைவு திரும்பியதற்கு அடையாளமான அலை மட்டும் எதுவும் வரவில்லை. வந்துவிடக் கூடாது என்றே நரம்புகளின் துடிப்பைத் தடுக்கும் மருந்தைத் திரவத்தில் கலந்திருந்தார்கள். மீறி வந்தால் மயக்க மருந்து கொடுத்து உடனே நிறுத்தவும் தயாராக இருந்தார்கள். அந்த முன்னேற்பாட்டைப் படித்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வராது என்று முழு நிச்சயமாகத் தெரிந்திருந்தால் யார் மயக்க மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்?

இன்னொரு சான்று அறுவை சிகிச்சை அறையிலிருந்து வருகிறது. பெருந்தமனியில் சில அறுவை சிகிச்சைகள் செய்யும்போது நோயாளியின் உடலை 18 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். மூளை அலை நேர்கோடாகிவிடும். வேலை முடிந்து சூடேற்றி எழுப்பினால் அவருக்குத் தன் பெயர் தெரியும், பிள்ளைகள் பெயர் தெரியும், வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்பதும் தெரியும். ஆக, பழைய நினைவுகள் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தில் இல்லை. செல்களுக்கு இடையிலான இணைப்புகளில், அந்த சினாப்ஸ்களின் வடிவத்திலும் அவற்றில் உள்ள புரதங்களிலும் எழுதப்பட்டிருக்கின்றன. கிரையோனிக்ஸ் காரர்கள் நம்பியிருப்பது இதைத்தான், இந்த இடத்தில் அவர்கள் சொல்வது சரி.

அவர்கள் மெதுவாகச் சொல்லிக் கடந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. ரத்தம் நின்ற மூளையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளத் தொடங்கும். பக்கத்துச் செல்கள் வீங்கி அவற்றை நசுக்கும். பிறகு எவ்வளவு நல்ல மருந்தைச் செலுத்தினாலும் அது சில பகுதிகளுக்குப் போகும், சில பகுதிகளுக்குப் போகாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எதிர்கால விஞ்ஞானம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், இறந்த முதல் சில மணி நேரத்தில் சட்டியில் என்ன மிஞ்சியது என்பதைத் தாண்டி அதனால் எதுவும் செய்ய முடியாது.

இந்தக் கெடு மூன்று வழிகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. மூளை வங்கிகள் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வந்தால் ஏற்றுக்கொள்ளும். சீக்கிரம் வந்தால் நல்லது, கொஞ்சம் தாமதமானாலும் பயன்படும். கிரையோனிக்ஸுக்கு, இறப்பை அறிவித்த சில நிமிடங்களில் குளிர்விக்கத் தொடங்கும் குழு கட்டிலுக்குப் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். ரசாயன முறை இன்னும் கறாரானது. அதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால், சாகும் நேரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்தில் மாரடைப்பு வந்து காலையில் கண்டுபிடிக்கப்படுகிறவருக்கு, நடைமுறையில், முதல் வழி ஒன்றுதான் மிஞ்சும்.

மூளை வங்கி

மண்டையைத் திறந்து எடுத்த மூளை சுமார் 1,300 கிராம் இருக்கும். படத்தில் பார்ப்பது போல கெட்டியாக இருக்காது. இறுகாத தயிர் மாதிரி, மேசையில் வைத்தால் தன் எடைக்கே தட்டையாகும். வழக்கமாக நடுவில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குள் போகும். சில வாரங்களில் ரப்பர் போல இறுகி, கத்திக்குப் பதமாக வரும். மறுபாதியைப் பகுதி பகுதியாக வெட்டி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள். முதல் பாதி நுண்ணோக்கிக்கு. மறுபாதி மரபணு, புரதச் சோதனைகளுக்கு. ஒருவருடைய மூளை பல வருடங்களுக்குப் பல ஆய்வகங்களில் சிறு சிறு துண்டுகளாக வேலை செய்யும்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கன்னியாஸ்திரிகள் ஆய்வு. டேவிட் ஸ்நோடன் என்ற ஆய்வாளர் 1986இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரே சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரிகள் வருடாவருடம் நினைவாற்றல் சோதனைக்கு உட்கார்ந்து, இறந்த பிறகு மூளையைக் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை. ஒப்பிட இதைவிட வசதி வேறில்லை. அவர்களில் சிலருடைய மூளையில் அல்சைமர் நோயின் படிவுகள் நிறைய இருந்தன, ஆனால் கடைசி வரை தெளிவாக இருந்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது எழுதிய தேர்வும் செத்த பிறகு கிடைத்த மூளையும் கையில் இருந்ததால்தான் அந்த முரண்பாடு வெளியே வந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி என்ன செய்கிறது என்பதும் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மூளை வங்கியால்தான் பெரிய அளவில் தெரிந்தது. 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை லீகில் ஆடிய 111 பேரில் 110 பேரின் மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோய் இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் மூளையைக் கொடுத்திருக்கும், ஆகவே அந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் பொருத்தக் கூடாது. அப்படியும் அது லேசான எண் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: வங்கிகளுக்கு நோயில்லாத மூளை எப்போதும் பற்றாக்குறை. பார்க்கின்சன் வந்த மூளையை எதனோடு ஒப்பிடுவது? 'எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே, என் மூளை எதற்கு' என்று நினைப்பவரின் மூளையோடுதான். இன்னொன்று, உறுப்பு தானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டால் மூளையும் அதில் சேரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சேராது, தனி ஒப்புதல் படிவம் வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு முழு உடலைத் தருவதாக எழுதிக் கொடுத்திருந்தால் அங்கேயும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூளை எடுக்கப்பட்ட உடலைப் பல கல்லூரிகள் வாங்குவதில்லை.

இந்த வழியின் கறை வரலாற்றில் இருக்கிறது. 1955 ஏப்ரல் 18 அன்று ஐன்ஸ்டீன் இறந்தபோது, பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி யாரையும் கேட்காமல் மூளையை எடுத்துக்கொண்டார். மகனின் சம்மதம் பிறகுதான் வாங்கப்பட்டது. சுமார் 240 துண்டுகளாக்கப்பட்ட அந்த மூளை பல வருடம் ஹார்வியோடு ஊர் ஊராக அலைந்தது. அதிலிருந்து கிடைத்த அறிவியல், பட்ட பாட்டுக்குக் கொஞ்சம்தான். டென்மார்க்கில் 1945 முதல் 1982 வரை மனநோய் மருத்துவமனைகளில் இறந்தவர்களிடமிருந்து ஏறக்குறைய 9,500 மூளைகள் சேர்ந்தன, அனுமதி என்ற பேச்சே இல்லாமல். நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளை வியன்னாவில் போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் ஆய்வுக்குப் பயன்படுத்தினார்கள். 2002இல்தான் அவை அடக்கம் செய்யப்பட்டன. இன்று நீட்டப்படும் ஒப்புதல் படிவம் ஏன் அத்தனை பக்கம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. நினைவாற்றல் ஆய்வின் மிகப் பெரிய பெயர் ஹெச்.எம்.; வலிப்புக்காகச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர். 1992இல் அவரும் அவருடைய சட்டப் பாதுகாவலரும் மூளை தானத்துக்குக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்துப் போட்டதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகும் ஒருவரின் சம்மதம் அது. 2008இல் இறந்தார். அடுத்த வருடம் சான் டியேகோவில் 53 மணி நேரம் நிற்காமல் சீவி, அந்த மூளையை 2,401 மெல்லிய படலங்களாக்கினார்கள். வேலை நடக்க நடக்க இணையத்தில் நேரலையாகவும் ஓடியது. சரியா தவறா என்று என்னால் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

திரவ நைட்ரஜன்

முதல் ஆள் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு, உளவியல் பேராசிரியர், 1967 ஜனவரி 12 அன்று உறைய வைக்கப்பட்டார். இன்றும் இருக்கிறார், அரிசோனாவில் அல்கோர் நிறுவனத்தின் தொட்டியில். இந்தத் துறையின் விளம்பரம் அவர்தான். ஆனால் 1974க்கு முன் உறைய வைக்கப்பட்டவர்களில் இன்னும் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த விளம்பரம் வேறு மாதிரி ஒலிக்கும். கலிஃபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள், பணம் நின்றுபோனதால் நைட்ரஜன் ஊற்ற ஆளில்லாமல் உருகிப்போயின. 1979இல் அது வெளியே தெரிந்து, வழக்காகி நாறியது. பிரான்சில் ஒரு மருத்துவர் 1984இல் இறந்த மனைவியைத் தன் வீட்டு நிலவறையில் பெரிய உறைபெட்டியில் வைத்திருந்தார். 2002இல் அவரும் இறக்க, மகன் அப்பாவையும் அதிலேயே வைத்தார். 2006இல் பெட்டி பழுதாகி வெப்பம் ஏறிவிட்டது. கவனித்தபோது காலம் கடந்திருந்தது. மகன் இருவரையும் எரித்தார்.

தொழில்நுட்பம் அன்றைக்கு இருந்ததைவிட எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, அதை மறுப்பது நியாயமில்லை. வெறுமனே உறைய வைத்தால் தண்ணீர் பனிக்கட்டி ஊசிகளாகி செல்களைக் கிழித்துவிடும். அதனால் இப்போது ரத்தத்தை வெளியேற்றி, அடர்த்தியான உறைதடுப்புத் திரவத்தைச் செலுத்தி, பனிக்கட்டி உருவாகாமலே கண்ணாடி போல இறுக வைக்கிறார்கள். முயலின் சிறுநீரகம் ஒன்று இப்படி இறுக்கப்பட்டு, மறுபடி சூடேற்றி, இன்னொரு முயலுக்குள் வைக்கப்பட்டு வேலை செய்திருக்கிறது. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் எலிகளின் சிறுநீரகங்களை 100 நாள் வரை வைத்திருந்து, நுண்ணிய இரும்புத் துகள்களைக் கொண்டு உள்ளிருந்தே சூடேற்றி, எலிகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். உயிரோடு இருக்கும் உறுப்பை எடுத்து, உடனே பதப்படுத்தினால் நடக்கிறது. விரல் நுனி அளவு உறுப்பில் நடக்கிறது.

மனித மூளையில் இரண்டுமே இல்லை. அளவு பெரிது, அது ஏற்கெனவே செத்த உடலிலிருந்து வருகிறது. மைனஸ் 123 டிகிரி வாக்கில் கண்ணாடியாகும் அந்த மூளையை மைனஸ் 196 வரை இறக்கும்போது விரிசல் விடுகிறது. அந்த வெடிப்புச் சத்தத்தைப் பதிவு செய்ய ஒரு கருவியையே தலைக்குள் வைக்கிறார்கள். எத்தனை முறை விரிந்தது என்பது ஏட்டில் ஏறுகிறது. கூடவே, உறைதடுப்புத் திரவம் நீரை உறிஞ்சுவதால் மூளை சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கிய திசுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இணைப்புகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று யாராலும் திட்டவட்டமாகச் சொல்ல முடிவதில்லை. எழுப்புவது எப்படி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம். வைத்தது பத்திரமாக இருக்கிறதா என்பதையாவது காட்டுங்கள் என்று நரம்பியல் அறிஞர்கள் கேட்பதில் தப்பில்லை. கூரை ஏறிக் கோழி பிடித்துக் காட்டினால்தானே வைகுண்டப் பேச்சு.

பணம்: அல்கோரில் தலை மட்டும் என்றால் 80,000 டாலர், முழு உடல் 2 லட்சத்தைத் தாண்டும். மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் 28,000 டாலருக்கு முழு உடலை வைக்கிறது. பக்கத்தில் காத்திருக்கும் குழுவுக்குத் தனிக் காசு. பெரும்பாலோர் ஆயுள் காப்பீடு எடுத்து அதை நிறுவனத்துக்கு எழுதி வைக்கிறார்கள். இளவயதில் எடுத்தால் மாதத் தவணை அப்படியொன்றும் பெரிதில்லை, அதனால் 'பணக்காரப் பைத்தியம்' என்ற வசை முழுக்கப் பொருந்தாது. என் மறுப்பு அதன் விலையைப் பற்றியதல்ல. மூளை வங்கி தரும் வாக்கு, சில வருடங்களில், அதிகம் போனால் சில பத்தாண்டுகளில் நிறைவேறிவிடும். இவர்கள் தரும் வாக்குக்கு முடிவுத் தேதியே இல்லை. நூறோ இருநூறோ வருடம் யாரோ ஒருவர் நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இந்தத் துறையோ தன் முதல் பத்து வருடத்திலேயே ஏறக்குறைய எல்லோரையும் கைவிட்ட துறை. அதற்குப் பிறகு அறக்கட்டளை, முதலீட்டு நிதி என்று பாடம் கற்றிருக்கிறார்கள், உண்மைதான். இலவு காத்த கிளிக்காவது ஒரு பருவம் காத்திருந்தால் போதும்.

ரசாயனத்தால் இறுக்கி வைத்தல்

மூன்றில் அறிவியல் சுத்தமாக இருப்பது இதில்தான். ஆனால் இன்றைய தேதியில் இதைச் சரியாகச் செய்துகொள்வதுதான் மிகக் கடினம்.

ராபர்ட் மெக்கின்டயரும் கிரெக் ஃபாஹியும் 2015இல் வெளியிட்ட முறை இது. முதலில் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தை ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். அது போகும் இடமெல்லாம் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, சில நிமிடங்களில் மூளையை அப்படியே அசையாமல் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு நிதானமாக உறைதடுப்புத் திரவத்தை ஏற்றி, மைனஸ் 135 டிகிரியில் வைக்கிறார்கள். மூளை சுருங்குவதில்லை. கென்னத் ஹேவொர்த் தொடங்கிய மூளைப் பாதுகாப்பு அறக்கட்டளை, இணைப்புகள் சிதையாமல் இருப்பதை நுண்ணோக்கியில் காட்டுபவருக்கு என்று பரிசு அறிவித்திருந்தது. 2016இல் முயல் மூளைக்கும், 2018இல் பன்றி மூளைக்கும் இந்த முறையே பரிசை வாங்கியது. எங்களை நம்புங்கள் என்பதற்குப் பதில் இதோ படம், எண்ணிப் பாருங்கள் என்று சொன்ன முதல் ஆட்கள் இவர்கள்.

விலை என்னவென்றால், குளூட்டரால்டிஹைடு பட்ட மூளை மறுபடி ஒருநாளும் உயிர்பெறாது. எழுப்பும் பேச்சே கிடையாது. அதை அணு அணுவாகப் படித்து, கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்பது மட்டுமே மிச்சமுள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? 302 நியூரான்கள் கொண்ட ஒரு சிறு புழுவின் முழு இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. அதை வைத்து அந்தப் புழுவைக் கணினிக்குள் நிஜமாக உயிர்ப்பித்தோம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. 2024இல் பழ ஈயின் மூளை முழுதும் வரையப்பட்டது: ஏறத்தாழ 1,39,000 நியூரான்கள், 5 கோடி சினாப்ஸ்கள். அதே வருடம் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டரை, கடுகு விதை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், வரைந்தார்கள். 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள், 1,400 டெராபைட் தரவு. முழு மூளைக்கு அதைப் பத்து லட்சத்துக்கும் மேல் பெருக்க வேண்டும். வரைந்த பிறகும், ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு வலுவானது, எந்தப் புரதம் எங்கே இருந்தது என்பதெல்லாம் தனிக் கேள்விகள்.

ஆனாலும் சிரித்துத் தள்ளிவிடவும் முடியவில்லை. 2025இல் வெளியான ஒரு கருத்தாய்வில் சுமார் 300 நரம்பியல் அறிஞர்களிடம், இப்படிப் பாதுகாத்த மூளையிலிருந்து நினைவுகளைக் கொள்கை அளவிலாவது எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நடுவாக நின்ற பதில், 40 சதவீத வாய்ப்பு உண்டு என்பது. நான் 4 என்று எதிர்பார்த்திருந்தேன்.

அறத்தின் முடிச்சு இங்கேதான் இறுகுகிறது. முறை சிறப்பாக அமைய வேண்டுமானால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசாயனத்தை ஏற்ற வேண்டும், அதுவே சாவும் ஆகும். 2018இல் மெக்கின்டயரின் நெக்டோம் நிறுவனம் இதை மறைக்காமல், இந்தச் செயல்முறை நூறு சதவீதம் உயிர்போக்கும் என்று ஒப்புக்கொண்டது. மருத்துவ உதவியோடு சாவைத் தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில், தீராத நோயாளிகளுக்கு மட்டும் என்பது அவர்கள் திட்டம். பத்திரிகைகளில் புயல் கிளம்பியது. அவர்களோடு ஆய்வு ஒப்பந்தம் வைத்திருந்த எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அடுத்த மாதமே விலகிக்கொண்டது. எனக்கு உறுத்துவது இதுதான்: சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவரிடம், 'கொஞ்சம் முன்னாலேயே போனால் நன்றாகப் பாதுகாக்கலாம்' என்று சொல்லக் காரணம் உள்ள ஒருவரை அந்த அறைக்குள் விடலாமா? அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த வாக்கியம் அறையில் இருப்பதே ஆபத்து.

கணினியில் ஓடப்போகும் அந்த நகல் நானா என்ற கேள்வியைத் தத்துவக்காரர்கள் காலம் காலமாகக் கடைந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. என் நினைவுகளோடு கண்விழிக்கும் அது, தன்னை நான் என்றுதான் நினைக்கும். அதை மறுக்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

வீட்டில் இருப்பவர்கள்

முடிவு எடுக்கிறவர் செத்துவிடுவார், அதை நடத்த வேண்டியவர்கள் மற்றவர்கள். இதை யாரும் போதுமான அளவு யோசிப்பதாகத் தெரியவில்லை.

மூளை வங்கி என்றால் பின்மண்டையில் வெட்டித் தைத்துவிடுவார்கள், முகம் மாறாது. உடல் வீட்டுக்கு வந்துவிடும். கடைசி முறை பார்ப்பது, சடங்கு, எல்லாமே நடக்கும், சில மணி நேரம் தள்ளி. வங்கி இதற்குக் காசு வாங்குவதில்லை, கொடுப்பதும் இல்லை. கிரையோனிக்ஸ் என்றால் முதல் அழுகைக்குக்கூட இடமில்லாமல் ஐஸ் கட்டிகளோடு ஒரு குழு உள்ளே நுழையும். சொந்தங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அயோவா மாநிலத்தில் ஒருவர் அல்கோருக்குப் பணம் கட்டி வைத்திருந்தார். உடன்பிறந்தவர்கள் அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். நீதிமன்றம் 2010இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்து, மாதக்கணக்கில் மண்ணுக்குள் இருந்த உடலைத் தோண்டியெடுக்க வைத்தது. சட்டப்படி சரி. பாதுகாப்பதற்கு உள்ளே என்ன இருந்திருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். 2016இல் லண்டனில், புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த 14 வயதுப் பெண் ஒருத்தி தன்னை உறைய வைக்க வேண்டும் என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினாள். அம்மா சம்மதம், அப்பா மறுப்பு. முடிவை அம்மாவிடம் விட்டது நீதிமன்றம். கிரையோனிக்ஸ் சரியா என்று தான் சொல்லவில்லை, பெற்றோரின் சச்சரவைத்தான் தீர்த்தேன் என்று நீதிபதி தெளிவாக எழுதினார். அந்தப் பிள்ளையிடம் போய் இதெல்லாம் நடக்காது என்று சொல்லும் துணிவு எனக்கு இருந்திருக்காது.

யாருக்கு எது

உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ பார்க்கின்சன், அல்சைமர், ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) மாதிரி ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மூளை வங்கிதான். உங்கள் மருத்துவப் பதிவுகளோடு சேர்ந்த அந்த மூளைக்கு ஈடு கிடையாது. நோயே இல்லை என்றால் முன்னே சொன்ன பற்றாக்குறைக் காரணத்துக்காக அதுவே.

திரும்பி வரும் ஆசை நிஜமாகவே இருக்கிறது, அந்தப் பணத்தை இழந்தால் வீட்டில் யாருக்கும் குறை வராது, வீட்டார் முழு மனதோடு சம்மதிக்கிறார்கள் என்றால், கிரையோனிக்ஸை நான் தடுக்க மாட்டேன். நிறுவனத்தின் தொட்டிகளைப் பார்ப்பதற்கு முன் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். நினைவுகள் தப்பினால் போதும், உடம்பு வேண்டாம் என்று நினைப்பவர் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்கலாம். ரசாயன முறை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும். காத்திருக்க நேரமில்லாதவருக்கு இந்த அறிவுரையால் பயனில்லை என்பது எனக்குத் தெரியும்.

எதைத் தேர்ந்தாலும் படிவத்தைவிடத் தொலைபேசி முக்கியம். மூளையைச் சிதைக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் போன்ற தொற்று இருந்தால் பல வங்கிகள் மறுக்கும். காவல்துறை பிரேதப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டால் நேரம் போய்விடும். வங்கி தொலைவில் இருந்தால் ஏற்கவே மாட்டார்கள். இதையெல்லாம் முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். அதைவிட, அந்த நேரத்தில் யார் கூப்பிடப் போகிறார்கள்?

மூளை வங்கியின் படிவத்தை நிரப்பிய அன்று அக்காவிடம் சொன்னேன். "நான் போனதும் நீதான் முதல்ல இந்த நம்பருக்குக் கூப்பிடணும். அழறதெல்லாம் அப்புறம்."

"எனக்கு உன்னைவிட ஆறு வயசு கூடடா. கணக்கு வராதா உனக்கு?" என்றாள்.

எண்ணை அவள் மகளிடமும் கொடுத்திருக்கிறேன். அவள் அதை 'மாமா மூளை' என்று பதிந்து வைத்திருக்கிறாள்.